நான் வெளுத்த முகங்கள்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். கமராவைப் பற்றி எழுதினால் சிரிப்பீர்கள். நான் பிடித்த கமராவைப் பழைய இரும்புக்காரனிடம் நீட்டினால் அவனே யோசிப்பான். பிலிம் கழுவுவதும் பேப்பரில் படம் போடுவதும் உங்களுக்கு இனித் தேவையில்லை. ஆனால் போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் உங்களில் ஒருவர் மணமகளின் படத்தைப் போனில் விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். பிள்ளை வெள்ளைக்காரியாகிவிட்டாள். அவள் அப்படிக் கேட்கவும் இல்லை. பக்கத்து வரிசையில் இருந்து அதைப் பார்த்த எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பெருமைக்கு எழுதுவதல்ல, முதலிலேயே சொல்லிவிட்டேன்.

செங்கலடிச் சந்தியில் எனக்கு ஸ்டூடியோ இருந்த காலம் சண்டைக் காலம். கறுப்பு வெள்ளைப் படம்தான். உங்கள் விரல் செய்கிற வேலையை நாங்கள் பென்சிலாலும் சிவப்புச் சாயத்தாலும் செய்தோம். நெகட்டிவில் முகம் இருக்கிற இடத்தில் கூர்ப் பென்சிலால் மெல்ல மெல்லத் தடவ வேண்டும். அதன் மேல் மெல்லிய தூரிகையால் சாயம். அந்த நெகட்டிவிலிருந்து படம் போட்டால், பூசிய இடமெல்லாம் வெளுத்து வரும். பருவும் தழும்பும் பறந்துவிடும். இதற்கு நாங்கள் வைத்த பெயர் டச்சிங்.

பெண்பிள்ளைகளின் படமென்றால் கேட்காமலே டச்சிங் செய்வது எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர் எல்லோரின் வழக்கம். தேநீர்க்கடையில் சீனி போடுவது போல. தாய்மார் போகிற போக்கில், "ஒள்ளம் பொதுநிறமா வரட்டும் தம்பி" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். ஒள்ளம் என்றால் எங்கள் பக்கத்தில் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்கு அளவு கிடையாது. கறுத்த பிள்ளைக்கு மாப்பிள்ளை வீட்டார் சீதனமாக வட்டையில் இன்னும் ஒரு துண்டு வயல் கூடக் கேட்ட காலம் அது. தாய்மாரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருமுறை வாழைச்சேனைப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளையே வந்து, கலியாணம் முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு, "படத்துல இரிக்கிற புள்ள எங்க அண்ணே?" என்று என்னைக் கேட்டான். கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் எல்லோரிலும் கூடச் சிரித்தேன். வீட்டில் அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்திருக்கும் என்று அப்போது ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் கறுப்பு. சின்ன வயதில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. கறுவல் என்றால்தான் ஊருக்குத் தெரியும். தொழில் கைக்கு வந்ததும் நான் முதலில் வெளுத்த முகம் என்னுடையது. கடை முகப்பின் கண்ணாடிப் பெட்டியில் மற்றவர்களின் படங்களுக்கு நடுவில் என் படம்தான் பெரிதாக இருந்தது. கோட்டுப் போட்டு, நாடியில் கைவைத்து, மாப்பிள்ளை மாதிரி. காலையில் கடை திறக்க வரும்போது முதலில் அதைத்தான் பார்ப்பேன். அதில் உள்ளவனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். என் மனைவி ஒருநாள் அதைக் கண்டுவிட்டு, "அந்த ஆளோடயே குடித்தனம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குடியைப் பற்றி இனித்தான் சொல்லப் போகிறேன். படம் போடுகிற இருட்டறை உங்களில் பலர் காணாதது. உள்ளே சிவப்பு பல்ப் மட்டும் எரியும். வெளியில் கதவுக்கு மேல் இன்னொரு சிவப்பு பல்ப். அது எரிந்தால் யாரும் கதவைத் திறக்கக் கூடாது, திறந்தால் பேப்பரெல்லாம் பழுதாகிவிடும். பொலிஸ் வந்தாலும் வெளியில் நின்று தட்ட வேண்டும். இந்த உலகத்தில் ஒரு குடிகாரனுக்கு இதைவிட நல்ல அறை கிடைக்காது. மருந்துப் போத்தல்கள் வரிசையாக இருக்கும் தட்டில் ஏழாவது போத்தல் சாராயம். மற்றவற்றைப் போலவே மண்ணிறப் போத்தல், மற்றவற்றைப் போலவே என் கையால் எழுதி ஒட்டிய துண்டு. படம் கழுவுகிற மருந்தில் ஒன்று வினாகிரி மணம் மணக்கும். அந்த நெடியில் சாராய நெடி தெரியாது. வெளியே வரும்போது வாயில் இரண்டு கராம்பு.

ஏன் குடித்தேன் என்று கேட்டால் அந்தக் காலத்தில் என்னிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. இராணுவம் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளின் சின்னப் படங்களைத் தாய்மார் கொண்டு வருவார்கள், பெருப்பித்துத் தரச் சொல்லி. சிவப்பு வெளிச்சத்தில், மருந்துத் தண்ணீருக்குள், அந்த முகங்கள் மெல்ல மெல்ல எழும்பி வரும். அதைப் பார்க்க ஒரு மனுசனுக்கு ஏதாவது வேண்டும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வேலை நெஞ்சை உலுக்கியது உண்மை. ஆனால் அந்தப் படங்கள் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னதாகவே ஏழாவது போத்தல் தட்டில் இருந்தது. அதுவும் உண்மை.

கடையில் என்னோடு வேலை செய்தது ஒரு அக்கா. ரசீது எழுதுவது, படம் வெட்டுவது, வருகிறவர்களை இருத்துவது எல்லாம் அவர். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார், எழுதவில்லை. சந்தைக்கு மீன் வாங்கப் போன புருசன் துப்பாக்கிச் சூடுபட்டுச் செத்துப்போன பிறகு வேலைக்கு வந்தவர். என்னைவிட நாலு வயது மூப்பு. எத்தனை வருஷமாக இருந்தும் சிவப்பு பல்ப் எரியும்போது ஒருநாளும் அவர் கதவைத் தொட்டதில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான்.

ஒருநாள் காலையில் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து, ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளின் பெயரைத் தவமணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தாறுமூலை கம்பசுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, எடுபட்டிருந்தாள். அடையாள அட்டைக்குப் படம் வேண்டும். நல்ல கறுப்பு, எங்கள் வாவிக்கரை வெயில் முழுவதும் அவள் முகத்தில் இருந்தது. இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு. சின்ன வயதில் தோணி விளிம்பில் விழுந்ததாம்.

தாய் என் பக்கம் குனிந்தார். "தம்பி, கலியாணப் பேச்சொண்டும் வந்திரிக்கி. அதுக்கும் ஒரு படம் வேணும். பாத்துச் செய்ங்க."

"நான் இரிக்கன்தானே அக்கா, யோசிக்காதங்க. தேவதை மாதிரி எடுத்துத் தாறன்."

தவமணி ஸ்டூலில் இருந்தபடியே சொன்னாள்: "தேவதை வேணாம் அண்ணே. என்ட முகம் இருந்தாக் காணும்."

"நீ சும்மா இரு புள்ள" என்றார் தாய். நானும் சிரித்துக்கொண்டே, "சும்மா இருங்க தங்கச்சி, வாய் அசைஞ்சாப் படம் கலங்கிரும்" என்றேன்.

இங்கேதான் நான் பிழை விட்டேன். ஸ்டூடியோக்காரன் மட்டுமே விடக்கூடிய பிழை. கொழும்பிலிருந்து பிலிம் வராத நேரம், கையில் இருந்தது கொஞ்சம். கலியாணப் படத்துக்கு ஒன்று, அட்டைப் படத்துக்கு ஒன்று என்று இரண்டு தரம் எடுக்க மனம் வரவில்லை. ஒன்றையே எடுத்து, அதிலிருந்து பெரிதாக ஒன்றும் சின்னதாக மூன்றும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அட்டைக்கான படத்தில் கைவைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் டச்சிங் பேப்பரில் இல்லை, நெகட்டிவில் இருக்கிறது. ஒன்றை வெளுத்தால் எல்லாம் வெளுக்கும்.

அன்று பின்னேரம் ஏழாவது போத்தலோடு உட்கார்ந்து அந்தப் பிள்ளையின் முகத்தைத் தடவத் தொடங்கினேன். கை நன்றாக ஓடியது. நெற்றி, கன்னம், கழுத்து. தழும்பைப் பென்சிலால் நிரப்பிப் புருவத்தைச் சேர்த்துவிட்டேன். குடிவெறியில் வெளிச்சத்தையும் குறைத்து விட்டுவிட்டேன் போல, படம் இன்னும் வெளுத்து வந்தது. எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை. இதுவரை செய்ததில் இதுதான் நல்ல வேலை என்று நினைத்தேன். மூலையில் கையெழுத்தும் வைத்தேன்.

படத்தை வாங்க வந்த தாய் அழுதுவிட்டார். "என்ட புள்ளயா இது!" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். தவமணி படத்தைப் பார்த்தாள், கண்ணாடிப் பெட்டியில் இருந்த என் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். படியிறங்கிப் போனாள்.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒருநாள் காலை பத்து மணிக்கு அந்தத் தாய் கடைக்குள் ஓடி வந்தார். ஒரு கால் செருப்பு இல்லை. மூச்சு வாங்கியபடி கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, என்ட புள்ளயப் புடிச்சி வெச்சிரிக்கானுகள். ஐடிக் காட்டுப் படத்தில இரிக்கிறது அவ இல்லயாம். வேற ஆர்ட காட்டயோ கொண்டு வந்திரிக்காளாம்."

அட்டை புதிதாக வந்த கையோடு, கம்பசில் பதிவு செய்வதற்காகத் தவமணி தாயோடு தோணியில் இந்தப் பக்கம் வந்திருக்கிறாள். துறைக்கு மேலே இருந்த சோதனைச் சாவடியில் அட்டையை வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில், போராளிகளின் கையில் இருந்த படுவான்கரைப் பக்கமிருந்து வருகிற ஒரு இளம் பிள்ளை, இன்னொருவருடைய அட்டையோடு பிடிபட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ஒரு மணிக்கு ட்ரக் வரும், அதில் பெரிய முகாமுக்கு ஏற்றிவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். பெரிய முகாமுக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை.

"நீங்கதானே தம்பி படம் எடுத்தது. வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்கள ஆமிக்குத் தெரியும்தானே."

தெரியும். அந்தச் சாவடியால் எத்தனையோ தரம் போய் வந்தவன் நான். ஆனால் அன்று காலை எட்டு மணிக்கே இரண்டு மிடறு உள்ளே போயிருந்தது. "நெகட்டிவ எடுத்திட்டு வாறன் அக்கா" என்று சொல்லி இருட்டறைக்குள் போனேன். பழக்கத்தில் சிவப்பு பல்பையும் போட்டுவிட்டேன், அவசரத்தில் தாழ்ப்பாள் போட மறந்துவிட்டேன்.

நெகட்டிவ் பெட்டி கீழ்த் தட்டில். போத்தல் மேல் தட்டில். என் கை மேலே போயிற்று. ஆமிக்காரனின் முன்னால் நிற்கக் கை நடுங்காமல் இருக்க வேண்டும், ஒரு மிடறு, ஒன்றே ஒன்று, அந்தப் பிள்ளைக்காகத்தான் என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை உங்களில் யாராவது கேட்டிருந்தால் நான் சொல்வது விளங்கும். எப்போதும் அது மற்றவர்களின் நன்மைக்குத்தான் பேசும். மூடியைத் திறந்துவிட்டேன்.

அப்போது கதவு திறந்தது. பகல் வெளிச்சம் முழுவதும் உள்ளே விழுந்தது. தட்டில் ஊறிக்கொண்டிருந்த இரண்டு பேப்பர் கண் முன்னாலேயே கறுத்துப்போயின. வாசலில் கடை அக்கா.

"நெகட்டிவ எடுக்க வந்தீங்களா, மத்தத எடுக்க வந்தீங்களா?"

நான், "கதவ மூடுங்க, பேப்பர் பழுதாகிப் போச்சு" என்று கத்தினேன். அந்த நேரத்தில் எனக்கு வாயில் வந்தது அதுதான்.

"பழுதாகட்டும். ஏழாவது போத்தல்ல என்ன இரிக்கெண்டு எனக்கு எப்பவோ தெரியும். சிவப்பு லைற்று எரியிது, தொழில் நடக்குது எண்டு நானும் வாயப் பொத்திக்கிட்டு இருந்தன். அது நான் செஞ்ச பிழை. இண்டைக்கு ஒரு புள்ளட உசிரு. அத வெச்சிட்டு வாங்க."

அவர் போத்தலைப் பறிக்கவில்லை. வாசலில் நின்றார், அவ்வளவுதான். நான் மூடியை மூடி வைத்தேன். நெகட்டிவ், பஞ்சு, டர்ப்பன்டைன், சின்னத் தண்ணீர்ப் போத்தல், பெருப்பித்துப் பார்க்கிற கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, தாயைச் சைக்கிளின் பின்னால் ஏற்றி மிதித்தேன். வழி நெடுக அந்த அம்மா என் சட்டையின் பின்பக்கத்தை இறுக்கிப் பிடித்திருந்தார்.

தவமணி மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு மரக்குற்றியில் இருந்தாள், வெயிலுக்குள். முகம் நனைந்திருந்தது. கன்னம் கன்றிப்போயிருந்தது. அடித்துவிட்டார்களோ என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மை கிய் பூசிக் கறுப்பாக்கி வந்திருக்கிறாளோ என்று ஒரு சிப்பாய் ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்திருக்கிறான்.

"சின்ன வயசில இருந்து வெள்ளையாகட்டும் எண்டு அம்மா மஞ்சள் போட்டுத் தேச்சா" என்றாள் என்னிடம். குரலில் அழுகை இல்லை, கோபம்தான். "இவங்களும் தேச்சுத்தான் பாக்காங்க."

தாய் தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான்.

பொறுப்பில் இருந்த அதிகாரி புதியவர், என்னைத் தெரியாதவர். அவரும் நல்ல கறுப்பு. அவர் சிங்களத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். நான் படம் எடுத்தவன் என்று சொல்லத் தொடங்கியதும் கையை உயர்த்தி நிறுத்தினார். மூக்கைச் சுளித்தார். கராம்பு போட மறந்து வந்திருந்தேன்.

"குடித்திருக்கிறாயா?"

இல்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. அத்தனை வருஷமும் வீட்டில், கடையில், கோயிலில் எல்லா இடத்திலும் சொன்ன பதில். ஆனால் முதல் கேள்விக்கே பொய் சொன்னால் பிறகு சொல்லப்போகிற உண்மையை யார் எடுப்பார்கள்? "ஓம் சேர்" என்றேன். "காலையில் குடித்தேன். ஒவ்வொரு நாளும் குடிக்கிறவன். ஆனால் சொல்லப்போவது உண்மை." வெளியாள் ஒருவரிடம் அதை நான் சொன்னது அதுதான் முதல் தரம். சொன்னது ஒரு ஆமிக்காரரிடம்.

"உன் அட்டை?"

கொடுத்தேன். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப அதைப் பார்த்தார். அந்த அட்டையிலும் இருந்தது என் கைவண்ணம்தான். வெளுத்த முகம், கண்ணுக்குக் கீழே ஒரு சுருக்கம் இல்லாமல். பழைய சிப்பாய்மார் என்னை முகத்தில் அறிந்ததால் ஒருநாளும் அட்டையை விரித்துப் பார்த்ததில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு முகமே தெரியாமல் இருந்திருக்கிறது.

"இது யார், உன் தம்பியா?" என்றார். பக்கத்தில் நின்ற சிப்பாய் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. "இரண்டு பேர், இரண்டு பேரிடமும் பிழையான அட்டை. ஒரே வண்டியில் போங்கள்."

நேரம் பன்னிரண்டு தாண்டிவிட்டது. தாய் மண்ணில் குந்திவிட்டார். நான் பையைத் திறந்தேன். "சேர், இரண்டையும் கெடுத்தவன் நான்தான். வெள்ளையடிப்பது என் தொழில். எப்படிச் செய்தேன் என்று காட்டுகிறேன். பார்த்துவிட்டு என்னை ஏற்றுங்கள்."

நெகட்டிவைச் சூரியனுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். சிவப்புச் சாயம் பூசிய இடம் அவருக்குத் தெரிந்தது. கண்ணாடியை வாங்கிப் பென்சில் கோடுகளையும் பார்த்தார். "இதற்குக் கீழே என்ன இருக்கிறது?" என்று கேட்டார். "அவளுடைய புருவத்தில் தழும்பு இருக்கிறது சேர். இதைத் துடைத்தால் அதே இடத்தில் அதே தழும்பு வரும். வராவிட்டால் நான் பொய்யன்."

பஞ்சில் டர்ப்பன்டைனை நனைத்தேன். கை நடுங்கியது. குடி பாதி இறங்கிய நடுக்கம், பயத்தின் நடுக்கம், இரண்டும் சேர்ந்து. பிலிமில் படத்தைப் பிடித்துவைத்திருக்கிற தோல் மிக மெல்லியது. ஈரத்தோடு நகம் பட்டால் கிழிந்துவிடும். அந்தப் பிள்ளையிடம் வேறு சாட்சி இல்லை. மூன்று தரம் பஞ்சைக் கிட்டே கொண்டுபோனேன். மூன்று தரமும் கை விலகி ஓடியது. அங்கே நின்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு வெட்கத்தை நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

"இஞ்ச தாங்க அண்ணே. நான் துடைக்கிறன்."

தவமணி எழும்பி வந்தாள். அதிகாரி தலையாட்டினார். நான் எப்படித் துடைக்க வேண்டும் என்று மட்டும் வாயால் சொன்னேன். முதலில் தண்ணீர், சாயத்துக்கு. பிறகு மற்றது, பென்சிலுக்கு. அமர்த்த வேண்டாம், ஒரு திசையில் மட்டும். அவள் நெகட்டிவை உள்ளங்கையில் வைத்து, நான் பூசிய வெள்ளை முழுவதையும் தன் முகத்திலிருந்து தானே மெல்ல மெல்லத் துடைத்தெடுத்தாள். விரல் அசையவே இல்லை. வெள்ளைப் பஞ்சு சிவந்து, பிறகு சாம்பலாகியது. முடித்து, ஓரத்தில் பிடித்து, அதிகாரியிடம் நீட்டினாள்.

அவர் அதைச் சூரியனுக்குப் பிடித்துக் கண்ணாடியால் பார்த்தார். புருவத்தைக் குறுக்கே வெட்டி ஒரு சின்னக் கோடு. அவளைக் கிட்டே கூப்பிட்டார். புருவத்தைப் பார்த்தார். காதைப் பார்த்தார். நெகட்டிவைத் திரும்பவும் பார்த்தார். சாவடிக்கு அந்தப் பக்கம் ட்ரக்கின் சத்தம் கேட்டது.

"அந்தப் பெண் உன்னிடம் வெள்ளையாக்கச் சொல்லிக் கேட்டாளா?"

"இல்லை சேர். என் முகம் போதும் என்று சொன்னாள்."

"பிறகு ஏன் செய்தாய்?"

நான் துடைத்த பஞ்சைப் பொறுக்கிப் பையில் போட்டேன். இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அவர் ஒரு தாளில் நாலு வரி எழுதி முத்திரை குத்தி அவளிடம் கொடுத்தார். புது அட்டை வரும்வரை அதைக் காட்டச் சொன்னார். எனக்கும் ஒரு துண்டு எழுதினார். கொடுக்கும்போது, "உன் அம்மாவுக்காவது உன்னை இதில் அடையாளம் தெரியுமா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டதாக எனக்குப் படவில்லை.

கம்பஸ் பதிவு மறுநாளும் இருந்தது, போய்ப் பதிந்துவிட்டாள். கலியாணப் பேச்சைப் பற்றித் தாய் பிறகு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடைக்குத் திரும்பி நடந்ததை அக்காவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "என்ட மனிசன்ட படத்தயும் நீங்க அப்பிடித்தான் பெருப்பிச்சுத் தந்தீங்க தம்பி" என்றார். "அவர் நல்ல கறுப்பு. ஒவ்வொரு நாளும் ஆரோ ஒரு வெள்ளையான ஆளுக்குத்தான் பூ வெக்கிறன். சொன்னா நீங்க மனம் நோவீங்க எண்டு சொல்லல்ல." எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கே அவர் புருசனின் படத்தைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன், கைவைக்காமல். அதை வாங்கிப் பார்த்து, "ஓம், இதுதான் அவர்" என்றார்.

அன்றோடு குடியை விட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. இருட்டறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். சிவப்பு பல்ப் எரிந்தாலும் எந்த நேரமும் திறக்கலாம் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் திறந்தார். எத்தனையோ பேப்பர் பழுதாகியது. நான் சாராயத்தை வீட்டுக் கிணற்றடிக்கு மாற்றினேன். மறைக்க நினைப்பவனுக்கு இடமா இல்லை.

பத்துப் பதினைந்து நாளில் தவமணி புது அட்டைக்குப் படம் எடுக்க வந்தாள். இந்த முறை தனியாக. ஸ்டூலில் இருந்து என்னைப் பார்த்தாள். "இருக்கிற மாதிரியே எடுக்கிறன் தங்கச்சி" என்றேன். அப்போதுதான் ஒன்று விளங்கியது. கறுத்த முகத்தை நன்றாகப் படம் எடுக்க எனக்குத் தெரியாது! அத்தனை வருஷம் வெளுத்து வெளுத்து, அதைப் பழகவே இல்லை. லைற்றை இங்கே நகர்த்தி, அங்கே நகர்த்தி, வெள்ளைத் துணியைப் பக்கத்தில் பிடித்து, அரை மணித்தியாலம் எடுத்தது. ஆனால் படம் வந்தது பாருங்கள். நெற்றியில் ஒரு மினுக்கம், கன்னத்தில் ஒரு ஆழம், புருவத்தில் அந்தக் கோடு. டச்சிங் செய்த எந்த முகத்திலும் நான் அப்படி ஒரு உயிரைக் கண்டதில்லை. உங்களுக்குத் தொழில் முறையில் நான் சொல்லக்கூடியது அதுதான். வெளுப்பது சோம்பேறி வேலை. லைற்றை நகர்த்துங்கள்.

படத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கப் போனவள் திரும்பினாள்.

"அண்ணே, உங்கட ஐடிக் காட்ட மாத்திட்டீங்களா?"

"மாத்தத்தான் வேணும். ஒள்ளம் வேலை கூட."

அவள் கண்ணாடிப் பெட்டியில் இருந்த கோட்டுக்காரனை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள்.

அக்கா கவுண்டரிலிருந்து எழும்பினார். "போய் ஸ்டூலில இருங்க. நான் எடுக்கிறன்." நான் கமராவைச் சரிப்படுத்திக் கொடுத்துவிட்டு, அத்தனை பேரையும் இருத்திய ஸ்டூலில் முதல் தடவையாக வாய் மூடி இருந்தேன். அவர் பட்டனை அமர்த்தினார்.

அந்தப் படத்தை நானே கழுவினேன். சிவப்பு வெளிச்சத்தில், தண்ணீருக்குள், ஒரு முகம் மெல்ல எழும்பி வந்தது. கறுப்பு என்பது எனக்குத் தெரிந்ததுதான். மற்றது தெரியாது. கண்ணுக்குக் கீழே தொங்குகிற பைகள், வீங்கிய இமை, கலங்கிய கண், தளர்ந்துபோன வாய். இதையெல்லாம்தான் இத்தனை வருஷமும் பென்சிலால் நிரப்பி வந்திருக்கிறேன். நிறத்தை வெளுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சாராயத்தையும் சேர்த்து வெளுத்திருக்கிறேன். ஊர் முழுவதும் ஒவ்வொரு நாளும் பார்த்த முகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். என் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்த முகம் அது. தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பின்னால் இருந்து வாய்விட்டு அழுதேன். அக்கா கதவைத் திறக்கவில்லை.

பிறகும் இரண்டு தரம் விழுந்தேன். மூன்றாம் தரம் என் மனைவி என்னைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போய் ஒரு டொக்டரிடம் காட்டினாள். அது வேறு கதை, அதில் வீரம் ஒன்றும் இல்லை. கண்ணாடிப் பெட்டியில் கோட்டுக்காரனை எடுத்துவிட்டு, தவமணியிடம் கேட்டு, அவளுடைய புதுப் படத்தை வைத்தேன். "நம்மட புள்ளயளப் போல இரிக்கி" என்று பார்த்து நிற்பவர்களும் இருந்தார்கள். வழக்கம்போலத் தாழ்ந்த குரலில் ஒள்ளம் கேட்டவர்களும் இருந்தார்கள். கேட்ட தாய்மாரிடம் அந்தச் சாவடிக் கதையைச் சொன்னேன். சிலர் வேறு ஸ்டூடியோவுக்குப் போனார்கள்.

என் புது அட்டை வர மூன்று மாதம் ஆனது. வந்த அடுத்த நாள் தோணித் துறைப் பக்கம் போக வேண்டி இருந்தது. சாவடியில் நின்றவன் புதிய சிப்பாய், என்னை முன்பின் தெரியாதவன். அட்டையை நீட்டினேன். அவன் அட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். போ என்று கையைக் காட்டிவிட்டு, பின்னால் நின்றவரைக் கூப்பிட்டான்.